பறிக்காத பூ

மல்லிகைச் செடியில் மல்லிகை முழுதாக அவிழ்ந்து நிற்பதை நம்மில் பலர் பார்த்ததே இல்லை. மொட்டாக இருக்கும்போதே பறித்துவிடுகிறோம். அது அவிழ்வது கூடையில், கூந்தலில், சாமி படத்தின் மேல். முல்லையும் ஜாதியும் அப்படித்தான். பூக்காரம்மா அளந்து தரும் முழத்தில் விரிந்த பூ நாலு தென்பட்டால் “நேத்துப் பூவா?” என்று கேட்கிறோம். செடியின் உச்சமான அந்தச் சில மணி நேரம் செடிக்கு வெளியே நடக்கும்படி பூ வளர்ப்பை அமைத்துக்கொண்டவர்கள் நாம்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. இதற்குப் பின்னால் பெரிய ஒழுங்கு இருக்கிறது. சிதம்பரம் நடராசர் கோயில் கல்வெட்டுகளில் திருநந்தவனத்துக்கு நிலம் விட்ட செய்திகள் பல. முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் மணவிற்கூத்தன் என்னும் நரலோகவீரன் தில்லையில் செய்த திருப்பணிகளைப் பாட்டாகவே வெட்டி வைத்திருக்கிறார்கள். மண்டபமும் குளமும் வரும் அந்த வரிசையில் நந்தவனமும் வருகிறது. நந்தவனத்தில் உழைத்தவர்களின் சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் நிலம் ஒதுக்குவது சோழர் காலத்து வழக்கம். பூ என்பது அங்கே தினமும் இத்தனை மாலை, இத்தனை கூடை என்று கணக்கில் வரும் விளைச்சல். வெட்டிவேரைக்கூட மாலையாகக் கட்டித் தூக்கிய திருவடியில் சாத்துகிற ஊர் அது. மண்ணுக்கு அடியில் கிடக்கும் வேருக்கே அந்தக் கதி என்றால் பூவைச் செடியில் யார் விட்டுவைப்பார்கள்?

நந்தவனத்துச் செடிகளை எண்ணிப் பார்த்தால் இன்னொன்று புலப்படும். அரளியும் நந்தியாவட்டையும் செம்பருத்தியும் குச்சி ஒடித்து நட்டால் வரும். மல்லியும் முல்லையும் பதியன் போட்டால் வரும். சம்பங்கி கிழங்கில் வரும். துளசி போன்ற சிலவற்றை விட்டால், அங்கே விதைக்கு வேலையே இல்லை. அப்படித்தான் இருக்க முடியும். எல்லாப் பூவையும் பறித்துவிடுகிற தோட்டத்தில் விதை எங்கிருந்து வரும்? விதை வேண்டுமென்றால் யாராவது ஒருவர் ஒரு பூவையாவது கைபடாமல் விட வேண்டும். அது வாடிக் கருகிக் காய்ந்து அசிங்கமாகும்வரை பொறுத்திருக்கவும் வேண்டும்.

வீட்டுத் தோட்டம் இந்த விஷயத்தில் கொஞ்சம் தளர்ந்தது. வேலியோரத்துக் காசித்தும்பை, கோழிக்கொண்டை, வாடாமல்லி, துலுக்கச்சாமந்தி, அந்திமந்தாரை எல்லாம் விதையில் வருபவை. மழை தொடங்கினால் போன வருஷத்து விதை தானே முளைக்கும். கனகாம்பரத்தின் காய்ந்த காய் ஈரம் பட்டதும் பட்டென்று வெடிக்கும். அதை எச்சில் தொட்டு வெடிக்க வைத்து விளையாடாத பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் இல்லை. இந்தச் செடிகளையும் பறிக்கத்தான் செய்கிறோம். ஆனால் பருவம் முடிகிற நேரத்தில் பறிக்கச் சலித்துப்போய் நாலு பூவை விட்டுவிடுகிறோம். அந்தச் சலிப்பில்தான் அடுத்த வருஷத் தோட்டம் பிழைத்துக்கொள்கிறது.

*

கடலூரில் இன்னொரு விதமான தோட்டம் இருந்தது. 1690இல் மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி வாங்கியது. கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழுந்த தூரம்வரை எல்லை என்று பேச்சு. அந்த ஊர்களுக்குக் குண்டுக் கிராமங்கள் என்றே பெயர் நின்றது. செயின்ட் டேவிட் என்று பெயர் பெற்ற அந்தக் கோட்டையின் புழுக்கத்திலிருந்து தப்பிக்கக் கவர்னர்கள் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாளிகை கட்டிக்கொண்டார்கள். அதற்கு வைத்த பெயர் கார்டன் ஹவுஸ். சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்த 1746ஆம் ஆண்டின் கடைசியில், கடலூர்ப் பக்கம் வந்த பிரெஞ்சுப் படை முதலில் கைப்பற்றியது இந்தத் தோட்ட வீட்டைத்தான். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துப்போட்டார். வீடு தப்பியது. பின்னாளில் கலெக்டர் பங்களா ஆயிற்று.

அந்தத் தோட்டத்தில் என்னென்ன செடி நின்றது என்பது முக்கியமில்லை. அந்த வகைத் தோட்டத்தின் குறிக்கோள்தான் நமக்கு வேண்டியது. அது நடந்து பார்க்கவும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கவும் போட்ட தோட்டம். பூ அங்கே செடியிலேயே இருக்கும். வாடினால் தோட்டக்காரன் கிள்ளி எறிவான். யார் தலைக்கும் எந்தச் சாமிக்கும் அது போகாது. பங்களாக்களின் வழியாக இந்தப் பார்வைத் தோட்டம் நம் வீடுகளுக்கும் வந்தது. குரோட்டன்ஸ் வந்தது, காகிதப்பூ வந்தது, கேட்டின் இரண்டு பக்கமும் தொட்டி வந்தது. இன்றைக்குக் கடலூரிலோ சிதம்பரத்திலோ ஒரு வீட்டு வாசலைப் பார்த்தால் இரண்டு தோட்டமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பக்கவாட்டில் பறிக்கிற செடி, முன்வாசலில் பார்க்கிற செடி.

பாப்பி இந்த இரண்டாவது தோட்டத்துப் பூ. அதிலும் கடைசிக் கோடியில் நிற்கும் பூ.

*

தோட்டத்துப் பாப்பியின் மொட்டு மயிர் அடர்ந்தது. காம்பு வளைந்து தலைகீழாகத் தொங்கும். பூக்கப்போகும் நாளில் காம்பு நிமிரும். மொட்டை மூடியிருக்கும் இரண்டு பச்சை ஓடுகளும் கழன்று கீழே விழும். உள்ளேயிருந்து நாலு இதழ்கள், பெட்டிக்குள் வருஷக்கணக்கில் மடித்து வைத்த பட்டுப்புடவை மாதிரி மடிப்புக் கசங்கலோடு வெளியே வந்து, வெயில் ஏற ஏற நிமிர்ந்துகொள்ளும். அடியில் கறுப்புத் திட்டு, நடுவில் கருமையான மகரந்தம். தேன் கிடையாது. தேனீ வந்தால் மகரந்தத்துக்காக மட்டும் வரும். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். பிறகு இதழ்கள் ஒவ்வொன்றாக உதிரும்.

இதைத் தொடுக்க முடியாது. விரல் பட்டாலே இதழ் கசங்கும், நார் இறுக்கினால் கழன்றுவிடும். மணம் இல்லை. பறித்துக் குவளையில் வைத்தாலும் நிற்காது. தண்டின் அறுபட்ட முனையைத் தீயில் காட்டிப் பாலை அடைத்து வைப்பார்கள், அதுவும் ஒரு நாள் சமாளிப்புதான். எங்கள் தெருப் பெரியம்மா ஒருத்தர் கேட்டதுதான் சரியான கேள்வி: “தலையில வைக்க முடியாது, சாமிக்கும் போடறதில்ல, அப்புறம் எதுக்குடா அதுக்குத் தண்ணி ஊத்தற?”

பயன் என்று எதைச் சொன்னாலும் பெரியம்மாவிடம் எடுபடாது. நந்தவனத்தின் கணக்கில் பாப்பிக்கு மதிப்பு பூஜ்யம். ஆனால் அவர் கேள்விக்குள்ளேயே ஒரு பதில் இருக்கிறது. பறிக்க முடியாத பூவைப் பார்க்க வேண்டுமானால் அதனிடம் நாம்தான் போக வேண்டும், அதுவும் அது நிற்கிற இடத்துக்கு, அது பூக்கிற நேரத்துக்கு. அதை நம் இடத்துக்குக் கொண்டுவர முடியாது. பூவோடு நமக்கிருக்கும் பழைய உறவில் இப்படி ஓர் ஏற்பாடு குறைவு. பவழமல்லிதான் ஓரளவு இதற்கு நெருக்கம். அதையும் இரவில் யாரும் போய்ப் பார்ப்பதில்லை, காலையில் தரையில் பொறுக்கிக்கொள்கிறோம்.

*

எந்தப் பாப்பி என்பதில் கவனம் வேண்டும். இந்தக் குடும்பத்துச் செடிகளுக்கு மனிதர்கள் எழுதிவைத்த தலையெழுத்து ஒரே மாதிரி இல்லை.

முதலாவது, சமையலறை டப்பாவில் இருப்பது. கசகசா என்பது அபினிச் செடியின் விதை. குருமாவுக்குத் தேங்காயோடு அரைப்பது, பாயசம் வைப்பது, பிரியாணி மசாலாவில் சேர்ப்பது எல்லாம் இதைத்தான். கடையில் வாங்கலாம், தின்னலாம். ஆனால் அதில் ஒரு பிடியை எடுத்துப் பாத்தியில் தூவினால் அது 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி குற்றம். உரிமம் இல்லாமல் அபினிச் செடி வளர்த்தால் பத்தாண்டு வரை கடுங்காவல் கிடைக்கலாம். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அறிவிக்கப்பட்ட பகுதிகளில் மட்டும், குவாலியரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்தியப் போதைப்பொருள் அலுவலகத்தின் உரிமத்தோடு விவசாயிகள் இதைப் பயிரிடுகிறார்கள். அது போதாமல் துருக்கியிலிருந்தும் கசகசா வருகிறது. இன்னும் வேடிக்கை, இந்த விதையின் குற்றம் ஊருக்கு ஊர் மாறும். பரங்கிப்பேட்டையிலிருந்தும் லால்பேட்டையிலிருந்தும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிற பிள்ளைகளுக்குப் பெட்டி கட்டும்போது மசாலாப் பொடியில் கசகசா இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அமீரகத்திலும் சவூதியிலும் சிங்கப்பூரிலும் விதையே தடை. இங்கே தாயின் கைமணம், அங்கே விமான நிலையத்தில் வழக்கு.

இந்தச் செடியின் வரலாற்றில் கடலூருக்கு ஒரு மெல்லிய இழை உண்டு. 1756இல் செயின்ட் டேவிட் கோட்டையின் பொறுப்பில் இருந்தவர் ராபர்ட் கிளைவ். கல்கத்தா வங்காள நவாபிடம் விழுந்த செய்தி வந்தபின், இங்கிருந்து சென்னைக்குப் போய்த்தான் அவர் வங்காளத்துக்குக் கப்பலேறினார். மறு ஆண்டு பிளாசிப் போர். அதன்பின் பீகாரின் அபினி வயல்கள் கம்பெனியின் பிடிக்குள் வந்தன. 1773இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் அபினியைக் கம்பெனியின் ஏகபோகமாக்கினார். 1820இல் காசிப்பூரில் அபினித் தொழிற்சாலை எழுந்தது. சீனாவுக்குப் போன பெட்டிகளுக்காக நெல்லும் பருப்பும் விளைய வேண்டிய நிலத்தில் குடியானவர்கள் முன்பணம் வாங்கி இதை விதைக்க வேண்டியதாயிற்று. அமிதவ் கோஷின் ‘ஸீ ஆஃப் பாப்பீஸ்’ நாவல் அந்த வயல்களிலிருந்துதான் தொடங்குகிறது. அங்கேயும் பூவை யாரும் பறிக்கவில்லை. இதழ் உதிரட்டும் என்று காத்திருந்தார்கள், காயைக் கீறிப் பால் எடுக்க. பறிக்காமல் விடுவது தானாகவே ஒரு நற்குணம் ஆகிவிடாது என்பதற்கு இது போதும்.

இரண்டாவது, விதைப் பாக்கெட்டில் இருப்பது. ஐரோப்பியக் கோதுமை வயல்களில் களையாக முளைக்கும் சிவப்புப் பாப்பியும், அதிலிருந்து தோட்டத்துக்கென்று எடுத்த ஷெர்லி வகையும் இதில் அடங்கும். அபினி தராத இவற்றை வீட்டில் வளர்க்கச் சட்டத் தடை இல்லை. கலிபோர்னியா பாப்பி வேறொரு பேரினம். ஆரஞ்சு நிறம், சாயங்காலம் இதழை மூடிக்கொள்ளும், மணலையும் வறட்சியையும் தாங்கும். கடலூர்க் கடற்கரைப் பக்கத்து மண்ணுக்கு மூன்றில் இதுதான் தோது. இணையத்தில் ‘பாப்பி விதை’ என்று மட்டும் போட்டு விற்கிறவர்கள் அபினி இனத்தின் அடுக்கிதழ் வகைகளையும் கலந்து அனுப்புவதுண்டு. அதனால் பாக்கெட்டில் தாவரவியல் பெயர் அச்சாகியிருந்தால்தான் வாங்க வேண்டும். பாபாவர் ரோயஸ் என்றோ எஷ்ஷோல்ட்சியா என்றோ இருந்தால் சரி. பாபாவர் சோம்னிஃபெரம் என்றிருந்தால் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

மூன்றாவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

*

ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொல்லி வைத்தவர்கள் பாப்பியை நினைத்துச் சொல்லவில்லை. இருந்தாலும் பட்டம் தப்பினால் என்ன ஆகும் என்பதைப் பாப்பியைப் போலக் கறாராகக் காட்டும் செடி குறைவு. வடநாட்டில் ஐப்பசியில் விதைத்து மாசி, பங்குனியில் பூப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கை இங்கே கொண்டுவந்தால் விதை கடலுக்குப் போகும். கடலூர் மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்க்கிறது. ஒரு கிராம் எடையில் கிட்டத்தட்ட பத்தாயிரம் விதை. அதை மண்ணில் புதைக்கவும் கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். மண்மேல் ஒட்டிக் கிடக்கும் விதைக்கு ஒரு நல்ல மழை போதும்.

மழைக்குப் பிறகு என்றால் குளிருக்கு நேரம் குறைவு. பாப்பி முளைக்க விரும்பும் சூடு 15 முதல் 20 டிகிரி. இங்கே தை மாத இரவுகூட 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும், பகலில் 28ஐத் தொடும். பங்குனி வந்தால் வெயில் செடியைப் பொசுக்கும். ஆக, விதைப்பிலிருந்து பூ வரைக்கும் தேவையான இரண்டு இரண்டரை மாதத்தை மார்கழிக் கடைசிக்கும் மாசிக் கடைசிக்கும் நடுவே நுழைக்க வேண்டும். சந்து குறுகியது. மார்கழியையும் முழுசாக நம்ப முடியாது. தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்டது 2011 டிசம்பர் 30ஆம் தேதி, மார்கழி நடுவில். பண்ருட்டியின் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த அந்தக் காலையில் தொட்டிச் செடியைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வந்திருக்காது.

மண்ணும் ஊருக்கு ஊர் வேறு. தேவனாம்பட்டினம், வண்டிப்பாளையம் பக்கம் மணல் கலந்த மண், தண்ணீர் நிற்காது, பாப்பிக்கு நல்லது. சிதம்பரம் வட்டாரம் கொள்ளிடமும் வெள்ளாறும் கொண்டுவந்து கொட்டிய களி. மழை நின்றதும் மேல்மண் இறுகி ஏடு கட்டும். கடுகிலும் பலமடங்கு சிறிய விதையின் முளைக்கு அந்த ஏட்டை உடைக்கத் தெம்பு கிடையாது. சிதம்பரத்துக்காரர்கள் தரையை மறந்து தொட்டிக்குப் போவதே மேல். ஆற்று மணல் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மக்கிய இலை உரம் ஒரு பங்கு. சாணி எருவை அள்ளிக் கொட்டினால் இலை தழைக்கும், பூ வராது.

விதைப் பாக்கெட்டைச் சில நாள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுப்பது இங்கே உதவும். பிறகு காய்ந்த மணலோடு கலந்து தூவி, மேலே மண் போடாமல் ஒரு பலகையால் லேசாக அழுத்தினால் போதும். பூவாளியால் ஊற்றினால்கூட விதை ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். தொட்டியை அகன்ற தட்டில் தண்ணீருக்குள் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏறவிட வேண்டும். இதன் வேர் ஆணிவேர். பிடுங்கி நட்டால் பெரும்பாலும் போய்விடும். அதனால் நாற்றுவிட்டு நடும் பேச்சே வேண்டாம், பூக்கப்போகும் இடத்திலேயே விதைக்க வேண்டும். முளைத்தவற்றை ஒரு சாண் இடைவெளிக்குக் கலைத்துவிட வேண்டும். அடர்த்தியாக விட்டால் ஈரக் காற்றில் நாற்றழுகல் வந்து ராவோடு ராவாகப் பாதிக்கு மேல் சாயும். டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சை கலந்த மண் இதை ஓரளவு தடுக்கும். காலை வெயில் விழும் கிழக்குப் பக்கம் நல்லது, மூன்று மணி வெயில் ஆகாது.

இவ்வளவும் செய்தாலும் மலைநாட்டில் வருகிற செழிப்பு இங்கே வராது. ஊட்டியில் இடுப்புயரம் நிற்கும் செடி கடலூரில் முழங்காலுக்கு வந்தால் பெரிது. பூவும் சின்னதாகும், பத்து மணிக்கே களைத்துவிடும். படத்தில் பார்த்ததை எதிர்பார்ப்பவருக்கு ஏமாற்றம்தான். நம் வெயிலுக்கு அது என்ன பதில் சொல்கிறது என்று பார்க்க நினைப்பவருக்கு அலுக்காது.

*

மூன்றாவது பாப்பிக்கு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. தை பிறந்ததும் கெடிலம் ஆற்றங்கரையிலும் ரயில் பாதை ஓரத்திலும் அறுவடை முடிந்த மேட்டுக் காட்டிலும் அது நிற்கும். வெள்ளை நரம்போடிய முள் இலை, மெல்லிய மஞ்சள் இதழ்கள், ஒடித்தால் மஞ்சள் பால். பிரமதண்டு, குடியோட்டிப்பூண்டு என்பார்கள். பாப்பிக் குடும்பத்துச் செடிதான். தாயகம் மெக்சிகோ. பண்ருட்டியை வாழவைக்கும் முந்திரி பிரேசிலிலிருந்து வந்தது. துலுக்கச்சாமந்தியும் மெக்சிகோவிலிருந்தும் அந்திமந்தாரை தென்னமெரிக்காவிலிருந்தும் வந்தவை. கப்பல் வணிகக் காலம் கொண்டுவந்த அந்தக் கூட்டத்தில் பிரமதண்டு மட்டும் யாரும் கூப்பிடாமல் வந்த விருந்தாளி.

இதன் பூவைத் தனியாக எடுத்துப் பார்த்தால் பாக்கெட் பாப்பிக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. அதே மெல்லிய இதழ், அதே அவசர வாழ்வு. முள்ளுக்குப் பயந்து யாரும் பறிப்பதுமில்லை. அப்படியானால் பணம் கொடுத்து வேற்றூர் விதை வாங்குவதை விட்டு இதையே கொண்டாடிவிட்டுப் போகலாமே என்று எழுதத் தோன்றும். அது சுலபமான முடிவு. பிரமதண்டு விதை பார்க்கக் கடுகை ஒத்திருக்கும், அதன் எண்ணெய் விஷம். 1998இல் டெல்லியில் கடுகெண்ணெயில் இது கலந்ததால் உடல் வீங்கி 60 பேருக்கு மேல் செத்தார்கள். சித்த மருத்துவத்தில் அதற்கு இடம் உண்டு, வீட்டுத் தோட்டத்தில் குழந்தை கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. உழவாரப் படை ஏந்திய அப்பர் சுவாமிகள் பிறந்த மாவட்டம் இது. சமணர்கள் கல்லில் கட்டிக் கடலில் போட, அவர் கரையேறியதாகச் சொல்லும் இடம் திருப்பாதிரிப்புலியூர். கோயில் வெளியில் முளைத்ததைச் செதுக்குவதையே தொண்டாகக் கொண்டவர் அவர். செதுக்க வேண்டியதைச் செதுக்கத்தான் வேண்டும். பூ அழகு என்பதற்காகச் செடிக்கு நற்சான்று எழுத வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றை நினைவில் வைக்கலாம். டப்பாவில் ஒன்று, பாக்கெட்டில் ஒன்று, தெருவோரத்தில் ஒன்று. குற்றம், அலங்காரம், களை என்று நாம்தான் பிரித்தோம். ஐரோப்பாவில் களையாக இருப்பது இங்கே பாக்கெட்டுக்குள் விலையோடு வருகிறது. இந்தப் பிரிவினை வேண்டாததல்ல. விதைக்கிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

*

பறிப்பதே பூவின் கதி என்று இருக்கும் சிதம்பரத்துக்கு எந்த மரம் தலமரம் என்று யோசித்தால் வியப்பாக இருக்கிறது. தில்லை. ஒடித்தால் வெள்ளைப் பால் கசியும், கண்ணில் பட்டால் பார்வையைப் பறிக்கும், தோலில் பட்டால் கொப்புளிக்கும். அதன் பூ கண்ணுக்கே தெரியாத சிறு கதிர். அதை யாரும் தொடுப்பதில்லை. இன்று ஊருக்குள் அந்தக் காடு இல்லை. கிழக்கே பிச்சாவரத்துச் சதுப்பில், உப்புத் தண்ணீர் ஏறி இறங்கும் இடத்தில், சுரபுன்னையோடும் கண்டல்களோடும் நிற்கிறது. ஆயிரம் ஆண்டுகளாக நந்தவனத்துக்கு நிலம் விட்ட ஊர், தன் சாமியைக் கைவைக்கக் கூடாத ஒரு மரத்தடியில் நிறுத்தி வைத்திருந்தது. பறிக்கிற தோட்டமும் பறிக்கக் கூடாத மரமும் ஒரே கோயிலுக்குள் சேர்ந்து இருந்தன. பறிக்காத பூ நமக்குப் பங்களாவிலிருந்து வந்த புதுப் பழக்கம் மட்டும் அல்ல என்று பெரியம்மாவிடம் சொல்ல இது எனக்குக் கைகொடுக்கிறது. அவர் ஒப்புக்கொள்வார் என்று சொல்ல மாட்டேன்.

ஷெர்லி பாப்பி உண்டான கதை எளிமையானது. லண்டனுக்குத் தெற்கே ஷெர்லி என்ற ஊரில் பாதிரியாராக இருந்தவர் வில்லியம் வில்க்ஸ். 1880இல் அவர் தோட்டத்தின் மூலையில், வயலோரம், காட்டுப் பாப்பிகளுக்கு நடுவே ஒரு பூவின் இதழ் விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கரை இருப்பதைப் பார்த்தார். அதைப் பறிக்கவில்லை. அடையாளம் வைத்து, காயவிட்டு, விதை எடுத்தார். மறு வருஷம் முளைத்த சுமார் 200 செடிகளில் நாலைந்தில் வெள்ளைக் கரை தெரிந்தது. அவற்றின் விதையை எடுத்து மறுபடி விதைத்தார். இப்படி வருஷா வருஷம் தேர்ந்தெடுத்து, கறுப்புத் திட்டே இல்லாத வெள்ளை, இளஞ்சிவப்பு, சால்மன் நிறங்களைக் கொண்டுவந்தார். சோதனைச்சாலை கிடையாது. ஒரு பூவை விட்டுவைத்ததும் அதைத் தொடர்ந்து கவனித்ததும்தான் முழு உழைப்பும்.

அவர் தேடியது நிறம். கடலூரில் தேட வேண்டியது வேறு. மாசி வெயில் ஏறுவதற்குள் யார் முதலில் பூக்கிறார் என்று பார்க்க வேண்டும். களைத்த செடிகளுக்கு நடுவே ஒன்று மதியம்வரை நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் செடிக்கு ஒரு நூலைக் கட்டி விட்டுவிட வேண்டும். இதழ் உதிர்ந்தபின் காய் பழுத்து, மேல்மூடிக்குக் கீழே வரிசையாகத் துளைகள் திறக்கும். ஒரு காயில் ஆயிரம் விதைக்கு மேல். அதைக் காகிதப் பையில் கவிழ்த்து எடுத்து, காயவைத்து, கோடை முழுக்கக் குளிரில் வைத்திருந்து, மறு மார்கழியில் விதைக்க வேண்டும். சில தலைமுறை போனால் இந்த ஊர்ச் சந்துக்குள் நுழையத் தெரிந்த ஒரு பாப்பி கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம். ஊருக்கு வந்த எந்த விதையும் ஊர்க்காரன் ஆனது இந்த வழியில்தான், யாரோ கவனித்து விட்டுவைத்ததால்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிரமதண்டு தன் மகரந்தத்தாலேயே விதை கட்டும். ஒற்றைச் செடி போதும், ஒரு காட்டையே பிடித்துவிடும். தோட்டத்துச் சிவப்புப் பாப்பி அப்படியில்லை. தன் மகரந்தத்தை அது ஏற்காது. இன்னொரு செடியிலிருந்து தேனீ கொண்டுவந்தால்தான் காய் விதை பிடிக்கும். ஒரு தொட்டியில் தப்பிப் பிழைத்த ஒற்றைச் செடியை வைத்துக்கொண்டு வில்க்ஸ் ஆக முடியாது. பக்கத்து மொட்டை மாடியிலும் யாராவது விதைத்திருக்க வேண்டும், அதே வாரத்தில் பூத்திருக்க வேண்டும், அவரும் பறிக்காமல் இருக்க வேண்டும். அதனால் இந்த மார்கழியில் விதைப் பாக்கெட் வாங்குகிறவர்கள் பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவது நல்லது. “எதுக்கு?” என்று அவர்களும் கேட்பார்கள். காய்க்கணும்னா ரெண்டு வீடு வேணும் என்று சொல்லுங்கள்.